விடிஞ்சா வடிஞ்சிரும்

அம்மாவின் கொலுசு காலையில் கணுக்காலுக்குக் கீழே தொங்கிச் சுழலும். இரவு பத்து மணிக்கு அதே கொலுசு சதைக்குள் புதைந்திருக்கும். கழற்றினால் முத்து முத்தாக அச்சு. கட்டைவிரலால் எலும்பின்மேல் அழுத்தினால் குழி விழும். அது மெல்ல மேலெழுந்து நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று நான் எண்ணுவேன். சின்ன வயதில் அது எனக்கு விளையாட்டு. "விடுடி, விடிஞ்சா வடிஞ்சிரும்" என்பாள்.

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் பதினான்கு வருடம் நின்றாள். "வேலை பார்த்தாள்" என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அங்கே நிற்பதுதான் வேலை. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதரை. சாப்பாட்டுக்கு அரைமணி. கூட்டம் இல்லாத மதியத்திலும் உட்காரக் கூடாது. சூப்பர்வைசர் பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கால் ஏன் வீங்குகிறது என்பதை நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தைக் கீழே அனுப்ப இதயம் போதும். மேலே திருப்பி ஏற்ற கெண்டைக்கால் சதை வேண்டும். நடக்கும்போது அந்தச் சதை இறுகி, குழாய்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் சின்ன வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடுவதில்லை. அசையாமல் நின்றால் பிழிவதற்கு ஆள் இல்லை. அப்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கத் தொடங்கினால் அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அழுத்தம் ஏறி நிற்கும்போது, மெல்லிய குழாய்களிலிருந்து நீர் சதைக்குள் கசிகிறது. இரவு படுத்தால் காலும் இதயமும் ஒரே மட்டம். கசிந்த நீர் திரும்பிப் போகிறது. அம்மா சொன்ன "வடிஞ்சிரும்" அவ்வளவுதான்.

அதுதான் சிக்கலும். காலையில் வடிந்துவிடும் நோவுக்குச் சாட்சி இல்லை. அம்மாவால் லீவு நாளில்தான் டாக்டரிடம் போக முடியும். முந்தின இரவு நன்றாகப் படுத்து எழுந்திருப்பாள், கால் சாதாரணமாக இருக்கும். இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள், எதிலும் குறையில்லை. "ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார் டாக்டர். சிரிக்காமல்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். எட்டாம் வருடம் முழங்காலுக்குப் பின்னால் நீல நரம்புகள் புடைத்து, புழு மாதிரி நெளிந்தன. வால்வுகள் தளர்ந்தால் அப்படி ஆகும். பிறகு உள்கணுக்கால் பக்கம் தோல் கறுத்தது. அந்தக் கறுப்பு மட்டும் விடிந்தாலும் போகவில்லை. இப்போது வேலையை விட்டு ஐந்து வருடம். இன்னும் இருக்கிறது.

நான் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். ஐடி கம்பெனி, சுழலும் நாற்காலி. மாலையில் சாக்ஸைக் கழற்றினால் எனக்கும் கோடு விழுந்திருக்கும். அசையாமல் தொங்கவிட்டால் எந்தக் காலும் வீங்கும். ஆனால் நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போகலாம், ஏன் எழுந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் இரண்டு பேர் கால்களுக்கும் உள்ள வித்தியாசம் நாற்காலியைவிட இதில்தான் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடைக்காரர்கள் சொல்வதுபோல நிற்பது ஜவுளி வியாபாரத்தின் மரபும் இல்லை. பழைய துணிக்கடைகளில் ஜமக்காளம் விரித்திருப்பார்கள். விற்பவரும் வாங்குபவரும் சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து புடவை பார்ப்பார்கள். உயரமான கண்ணாடி கவுண்ட்டர்களும் மாடி மாடியாய்க் கடைகளும் வந்த பிறகு விற்பவர் எழுந்து நின்றார். பட்டுப் பிரிவில் வாங்குபவருக்கு மட்டும் நாற்காலி மிச்சம்.

கோழிக்கோட்டில் விஜி என்கிற தையல்காரர், கடைப் பெண்களைச் சேர்த்து முதலில் கழிப்பறைக்காகவும் அப்புறம் உட்காருவதற்காகவும் போராடினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947-ஆம் வருடத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உக்காரதுக்குச் சட்டமா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு உக்காரச் சொல்லுவா?" என்றாள். 'வாய்ப்பு' என்ற சொல்லை அவள்தான் சரியாகப் பிடித்தாள். வாய்ப்பு எது என்று முடிவு செய்வது சூப்பர்வைசர்.

போன தீபாவளிக்கு அவளுக்குப் புடவை எடுக்கப் போனேன், வேறு கடை. கவுண்ட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடிக்க வேண்டிய புடவைகள் குவிந்திருந்தன. காட்டிய அக்கா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தார். "உக்காந்துகிட்டே காட்டுங்கக்கா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். சிரித்தார். கண் மட்டும் ஒரு நொடி மேலே கேமராவுக்குப் போய் வந்தது. "பரவால்லம்மா. அந்த மாம்பழ மஞ்சள எடுக்கவா?"