பேருந்து வீட்டின் சாவி

ஓடி ஓய்ந்த பேருந்தை எங்கள் பணிமனையில் 'கண்டம்' ஆன வண்டி என்போம். போக்குவரத்துக் கழகத்தில் 33 ஆண்டுகள் பணி செய்த எனக்கு அச்சொல்லின் பொருள் ஒன்றுதான். பட்டியலில் வண்டியின் எண் ஏறும், ஏலம் நடக்கும், பிறகு இரும்புக் கடையில் துண்டு துண்டாகும். அத்தகைய தாள்கள் பலவற்றில் கையொப்பமிட்டவன் நான். எனவே, கழித்துவிடப்பட்ட பேருந்துகளை வீடுகளாக மாற்றிக்கொண்டோர் ஆண்டுதோறும் கூடும் சந்திப்பு ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது, வேடிக்கை பார்க்கும் எண்ணத்துடனேயே புறப்பட்டேன்.

2019 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்த காலம் அது. அழைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வயது 84. மனைவியை இழந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தம்மைப் பெயர் சொல்லி அழைக்குமாறு பலமுறை கேட்டுக்கொண்டார். என் நாவுக்கு அது வரவில்லை. இறுதிவரை 'சார்' என்றே அழைத்தேன்.

அவருடைய பேருந்து, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1953 முதல் 1960 வரை உருவாக்கிய பி.டி. 4104 என்னும் வகை. பக்கமெங்கும் வரி வரியாக மடிப்பிட்ட அலுமினியத் தகடு. முன்பு 41 பேர் அமர்ந்து சென்ற வண்டி. 1976-இல் ஒரு பேருந்து நிறுவனம் கழித்துவிட்டபோது அவர் வாங்கினார். இருக்கைகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி என ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே அமைக்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தனவாம். பின்புறத்தில் இன்னும் அதே டெட்ராய்ட் டீசல் எஞ்சின். 6-71 என்பது அதன் பெயர். ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். நம் ஊர் லேலண்ட் எஞ்சினைப் போல நான்கு ஸ்ட்ரோக் அன்று, இரண்டு ஸ்ட்ரோக். ஆகவே அது உறுமுவதில்லை, அலறுகிறது. என் காதுகள் அந்த அலறலை முதல் நாளே நேசிக்கத் தொடங்கிவிட்டன.

"என் வலக்கண் சரியில்லை. நீங்கள் வாசலோரம் அமர்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். அழைப்பின் உண்மைக் காரணம் அப்போதுதான் புரிந்தது. பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருந்து, பகல் வெளிச்சத்தில் புறப்பட்டோம். மேற்கு நோக்கி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்தப் பெரிய வளையத்தை அவர் தோளோடு சேர்த்துத் திருப்பினார். நான் அரை மணிக்கு ஒருமுறை "வலப்புறம் லாரி" என்றேன், அவர் தலையசைத்தார். வழி முழுவதும் எங்கள் உரையாடல் அவ்வளவே.

குவார்ட்ஸைட் என்னும் அச்சிற்றூரில் நிலையாக வாழ்வோர் 2,400 பேர் அளவில்தான். ஆனால் குளிர்காலத்தில் சுற்றியுள்ள பாலைவனம் முழுவதும் வண்டி வீடுகளால் நிறைந்துவிடுகிறது. ஊருக்குத் தெற்கே லா போசா என்னும் அரசு நிலத்தில், கட்டணம் செலுத்திச் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தங்கலாம். ஊரின் கல்லறைத் தோட்டத்தில் பிரமிடு வடிவக் கல்லறை ஒன்று உண்டு. உச்சியில் ஓர் ஒட்டக உருவம். 1856-இல் அமெரிக்கப் படைக்காக ஒட்டகங்களோடு கொண்டுவரப்பட்ட ஹாஜி அலி அங்கே அடக்கமாகியிருக்கிறார். ஒட்டகங்களைக் கொண்டு பாலைவனத்தைக் கடக்கும் திட்டத்தைப் படை கைவிட்டது. அவர் அந்நாட்டிலேயே தங்கி 1902-இல் இறந்தார். 1935-இல் அந்த நினைவுச் சின்னத்தை எழுப்பியவர்கள் நெடுஞ்சாலைத் துறையினர் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

சரளைக் கற்கள் பரந்த திடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் நின்றன. பிற்பகலில் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் போகலாம். ஆனால் வந்தவர்கள் முதலில் வீட்டுக்குள் நுழைவதில்லை. வண்டிக்கு அடியில் குனிகிறார்கள்! இந்த எஞ்சினில் எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என்பது அவர்களிடையே வழங்கும் பழைய கேலி. கிரேஹவுண்ட் நிறுவனத்துக்காக 1954-க்கும் 1956-க்கும் இடையே 1,001 மட்டுமே செய்யப்பட்ட சீனிக்ரூஸர் ஒன்றும் வந்திருந்தது. தொடக்கத்தில் அவ்வகை வண்டிக்கு இரண்டு எஞ்சின்கள். தொல்லை தாளாமல் பிற்பாடு ஒன்றாக மாற்றினார்களாம். ஒரு வண்டிக்கு இரண்டு எஞ்சின் என்று எங்கள் பணிமனையில் யாரேனும் பேசியிருந்தால் விடுப்பில் அனுப்பியிருப்போம்.

இரவில் நெருப்பைச் சுற்றி நாற்காலிகளிட்டு அமர்ந்தோம். இத்தகைய கூட்டங்களின் தொடக்கக் கதையைப் பெரியவர்தாம் சொன்னார். 1963 ஜூலை 20 அன்று முழுச் சூரிய கிரகணத்தைக் காண, மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லி என்னும் ஊரில் 26 குடும்பங்கள் தத்தம் வண்டி வீடுகளோடு கூடினவாம். கிரகணம் முடிந்தும் பேச்சு முடியவில்லை. ஒரு சங்கமே பிறந்துவிட்டது. பிறகு பேச்சு மின்கலம், தண்ணீர்ச் சிக்கனம் என்று சென்றது. யாரோ ஒருவர், "நீங்கள் எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டார். "இந்தப் பயணத்தோடு" என்றார் பெரியவர். நெருப்பு வெடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

வண்டியை விற்கவே வந்திருந்தார். மறுநாள் இருவர் கேட்டனர். முதல்வர் நல்ல விலை சொன்னார். எஞ்சினையும் வெளித்தகட்டையும் வைத்துக்கொண்டு உட்புறம் முழுவதையும் பெயர்த்தெறியப் போவதாகவும் மறைக்காமல் சொன்னார். அடுத்து வந்தவர்கள் இளம் தம்பதியர். அவர்களிடம் அதில் முக்கால் பங்குதான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் இரண்டு மணி நேரம் அவரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தாள். காற்றுத் தொட்டியின் நீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை வடிப்பது? கியர் மாற்றும்போது ஓசை எப்படி இருக்க வேண்டும்? அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு அடுப்படி மேடையின் முன் வந்து நின்றாள். அது இடுப்புக்கும் கீழே இருந்தது. நெடிய உருவம் கொண்ட அவள் அதில் சமைக்க வேண்டுமானால் கூனித்தான் நிற்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்தாம் சொன்னார்: "என் மனைவி குள்ளம். அவளை நிற்க வைத்து அளந்து செய்தது. பசை போடவில்லை, திருகாணிதான், எட்டு இருக்கும். கழற்றி உயரமாகப் பொருத்திக்கொள்ளுங்கள்." சொன்னதோடு நில்லாமல், இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வண்டி வெளியே வந்து நின்றுகொண்டேன். பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடுமாறு மகள் கேட்கத் தொடங்கி ஓராண்டாகியிருந்தது. அவ்வீட்டுச் சாவி என் பெட்டியின் உள்பையில் இருந்தது. வாங்க வந்தவர்களை எல்லாம், கிணற்றடிக் கல்லை மாற்றக்கூடாது, முற்றத்து வேம்பை வெட்டக்கூடாது என்று நிபந்தனை சொல்லியே நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை இளைஞர்கள் பேருந்தை ஓட்டிச் சென்றார்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறுகையில் பற்கள் உரசும் ஓசை திடல் முழுவதும் கேட்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்த முறை சரியாகப் போடுவார்கள், சார்" என்றேன். "நானும் 1976-இல் இப்படித்தான் போட்டேன்" என்றார்.

எங்களை அழைத்துச் செல்ல மகள் காருடன் வந்தாள். வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை கிடந்தது. முந்தின இரவு தட்டு வைக்க மறந்திருக்கிறார். பொது நிலத்தை வந்தபடியே விட்டுச் செல்ல வேண்டுமாம். சிறு மண்வாரியைக் கடன் வாங்கி, முட்டி போட்டு, கறை படிந்த சரளைக் கற்களை ஒரு பழைய காப்பித் தகர டப்பாவில் அள்ளினார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வைத்துக்கொள்ளலாமே என்று மகள் சொன்னாள், அவர் கேட்கவில்லை. பீனிக்ஸ் வந்து சேரும்வரை அது அவர் மடியிலேயே இருந்தது.