வீட்டில் இடம் யாருக்கு?

 

தமிழில் ‘அகம்’ என்னும் சொல்லுக்கு வீடு என்றும் பொருள். உள்ளம் என்றும் பொருள். அரபி மொழியில் குடியிருக்கும் இடத்தை ‘மஸ்கன்’ என்பர். அமைதியைக் குறிக்கும் ‘ஸுகூன்’ என்ற சொல் எந்த வேரிலிருந்து பிறந்ததோ, அதே வேரிலிருந்துதான் இதுவும் பிறந்தது. ஓடிக் களைத்த கால்கள் எங்கே ஓய்கின்றனவோ, அலைந்த மனம் எங்கே அடங்குகின்றதோ, அதுவே வீடு என்று இவ்விரு மொழிகளும் நமக்குச் சொல்லித் தருகின்றன. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயமும், வீடுகள் நமக்கு அமைதி தரும் இடங்களாக ஆக்கப்பட்டிருப்பதை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எடுத்துரைக்கின்றது.

இந்த அருட்கொடையை நாம் எவ்வாறு பேணுகின்றோம்? இதைப் பற்றித்தான் உங்களோடு சற்று மனம் விட்டுப் பேச விழைகின்றேன்.

நான் பெண்கள் மதரஸா ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகின்றேன். மாணவி நான்கு நாட்கள் வரவில்லையென்றால், அவள் வீடு சென்று விசாரித்து வருவது எங்கள் வழக்கம். அதனால் வசதி படைத்தோர் வீடு, வறியோர் வீடு என்று பல வீடுகளின் உட்புறங்களை நான் கண்டிருக்கின்றேன். ஒருமுறை பெரியதொரு மாடி வீட்டிற்குச் சென்றிருந்தேன. முன்கூடத்தில் உறை போட்ட சோபாக்கள். கண்ணாடி அலமாரி நிறைய வெளிநாட்டுப் பீங்கான்கள். தரையில் தடித்த விரிப்பு. எங்கும் ஒரு துளி தூசி இல்லை. ஆனால், நான் தேடிச் சென்ற சிறுமியோ மாடிப்படியின் மூன்றாவது படியில் அமர்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏனம்மா படியில் உட்கார்ந்திருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“கூடத்தில் உட்கார்ந்தால் விரிப்புக் கசங்கிவிடும் உஸ்தாபி. அம்மா ஏசுவார்கள்” என்றாள் அவள்.

அந்தத் தாயை நான் குறை கூறமாட்டேன். கணவர் கடல் கடந்து உழைத்து அனுப்பிய பொருளால் வாங்கிய ஒவ்வொன்றையும் அவர் கண்ணுக்குள் வைத்துக் காத்து வந்தார். இருப்பினும், அன்று என் உள்ளத்தில் எழுந்த கேள்வி இன்றுவரை அகலவில்லை. வீட்டை நாம் யாருக்காகத் தூய்மை செய்கின்றோம்? ஆண்டுக்கு நான்கு முறை வந்து செல்வோருக்கா? அன்றாடம் அங்கேயே உண்டு உறங்கி வாழ்வோருக்கா?

தூய்மையின் முதற்படி

தூய்மை ஈமானோடு இணைந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் ஐந்து வேளை உளூச் செய்கின்ற சமுதாயம் நாம். எனினும், பல வீடுகளில் ஒழுங்கு குலைவதற்குக் காரணம் அழுக்கு மட்டுமன்று. அளவுக்கு மிஞ்சிய பொருள்களே பெரிய காரணம். பரணில் எவரும் தொடாத அண்டாக்கள், கட்டிலுக்கடியில் பழைய பெட்டிகள், கொடியில் மடிக்கப்படாத துணிகள். பெருக்கப் போனால் துடைப்பம் நுழைவதற்கு வழியில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படுக்கைகளைப் பற்றிக் கூறிய ஒரு நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என மூன்றை எண்ணிய அவர்கள், நான்காவதை ஷைத்தானுக்குரியது என எச்சரித்தார்கள். எண்ணிப் பாருங்கள்! விருந்தினருக்கான படுக்கை தேவையின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்கு மேற்பட்டதுதான் வீண் என ஒதுக்கப்பட்டது. தேவைக்கும் பெருமைக்கும் இடையிலுள்ள எல்லைக் கோட்டை இதைவிடத் தெளிவாக வரைய இயலுமா?

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாளில் வீட்டின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அலமாரி, மறுவாரம் பரண், அதற்கடுத்த வாரம் அடுக்களை. ஓராண்டாகக் கைபடாத பொருள், உடையாயினும் பாத்திரமாயினும், வேறொரு வீட்டில் பயன்படட்டும். கொடுத்த நன்மையும் கிடைக்கும். காற்று வர வழியும் பிறக்கும். சாவி, கண்ணாடி, மருந்து, குடும்ப அட்டை ஆகியவற்றிற்கு நிலையான ஓர் இடத்தை வகுத்துவிடுங்கள். காலை நேரக் கூச்சலில் பாதி அடங்கிவிடும்.

தண்ணீர்த் தொட்டியை மறவாதீர்கள். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீடுகளில் தேங்கி நிற்கும் தெளிந்த நீரிலேதான் முட்டையிடுகின்றது. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். எனவே உளூச் செய்யும் தொட்டியையும் குடங்களையும் வாரம் ஒருமுறை உட்புறம் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். கழிவறையைத் தூய்மை செய்யும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு மூச்சை அடைத்து, உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

முன்னறையில் ஒரு கட்டில்

என் இல்லத்தில் நடந்த ஒன்றையும் சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானார்கள். அதுவரை அவர்கள் இருந்தது கொல்லைப்புறத்தை ஒட்டிய சிற்றறை. காற்றும் குறைவு, கழிவறையும் தொலைவு. வீட்டில் வெளிச்சமும் காற்றும் நிறைந்த ஓரே அறை தெருவை நோக்கிய முன்னறை. அது விருந்தினரை அமர்த்துவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்நேரம் என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மாமியை முன்னறைக்கு மாற்றிவிடலாம்” என்று நான் சொன்னபோது உறவினர் பலர் தடுத்தனர். “நாலு பேர் வந்து போகும் நேரத்தில் வாசலிலேயே நோயாளிக் கட்டிலா? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?” என்று கேட்டனர். மகளின் வாழ்வல்லவா? என் கணவரும் இரண்டு நாட்கள் வாய் திறவாமல் இருந்தார். மூன்றாம் நாள் ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்தவர், “இந்த வீட்டைக் கட்டும்போது செங்கல் சுமந்தவர்கள் என் உம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்னறையிலிருந்த நாற்காலிகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினார்.

சன்னலருகே கட்டில் வந்தது. கழிவறைச் சுவரில் பற்றிக்கொள்ள இரும்புக் கம்பி பொருத்தினோம். வழுக்கும் தரையைச் சொரசொரப்பான கல்லாக மாற்றினோம். இரவில் அணையாத சிறு விளக்கு ஒன்றும் வைத்தோம். தெருவில் போவோர் சன்னல் வழியே ஸலாம் சொல்லிச் செல்ல, மாமியின் முகத்தில் ஒளி திரும்பியது. பூக்காரியிடம் பேரம் பேசவும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை நிறுத்தி நலம் விசாரிக்கவும் அவர்களுக்கு ஓர் உலகம் கிடைத்தது.

மாப்பிள்ளை வீட்டாரும் வந்தனர். தாழ்வாரத்தில் பத்தமடைப் பாய்களை விரித்து அமரச் செய்தோம். தாமிரபரணிக் கரைக் கோரையில் நம் சமுதாயப் பெண்களும் முடைந்து புகழ் பெற்ற பாய்கள் அவை. விருந்தினரை அமர்த்த அவற்றைவிட மேலானது எது? ஒரு வீட்டார் முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றனர். பிறகு மறுமொழி இல்லை. அந்த இரவு என் மகள் சரியாக உண்ணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கின்றேன். ஆனால், கட்டிலை மாற்ற வேண்டும் என்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து வந்த மற்றொரு வீட்டின் மூதாட்டி நேரே மாமியின் கட்டிலில் போய் அமர்ந்துகொண்டார். அரைமணி நேரம் இருவரும் பழங்கதை பேசினர். அந்த வீட்டில்தான் இன்று என் மகள் வாழ்கின்றாள். மாமி அந்த நிக்காஹைக் கண்ட பின்னரே, அதே சன்னலருகில் இறைவனளவில் சேர்ந்தார்கள்.

எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று நான் உறுதி கூற இயலாது. முன்னறையில் முதியவர் இருப்பதைக் கண்டு திரும்பிச் செல்வோரும் உலகில் உண்டு. அத்தகையோரின் மதிப்பீட்டிற்காக நம் பெரியோரைக் கொல்லைப்புறத்தில் வைப்பது தகுமா என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

அனுமதியும் ஸலாமும்

சிறிய வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் ஓரிடம் வேண்டும். பிள்ளைக்கு ஒரு பாயும் ஒரு சிறு மேசையும் போதும். ‘இது என் இடம்’ என்ற எண்ணம் வந்துவிட்டால், அதைத் துடைத்து வைக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடும்.

அந்நூர் அத்தியாயத்தில் வீட்டு ஒழுக்கம் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று நுழைய வேண்டும். வீட்டுக்குள்ளேயே கூட, ஸுப்ஹுக்கு முன்பும், நண்பகல் ஓய்வு நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும் சிறுவர்கள் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும். வீட்டில் நுழையும்போது ஸலாம் சொல்ல வேண்டும். கதவைத் தட்டிவிட்டு நுழையும் வழக்கமும், இருப்பவரைப் பார்த்து ஸலாம் சொல்லும் வழக்கமும் உள்ள வீட்டில் மரியாதை தானே வளரும். இன்று பலர் கைப்பேசியைப் பார்த்தபடியே வாசலைக் கடக்கின்றனர். மஃரிபிலிருந்து இஷா வரை அதனை ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். ஒரே சஹனில் சேர்ந்து உண்ட சமுதாயம், ஒரே விரிப்பில் ஒரு வேளையேனும் சேர்ந்து உண்ணக் கூடாதா?

யார் கையில் துடைப்பம்?

இனிச் சகோதரர்களிடம் ஒரு சொல். வீட்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னையார் விடையளித்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்ததும், காலணியைத் தாமே செப்பனிட்டதும் நபிமொழித் தொகுப்புகளில் காணப்படுகின்றன.

அவர்களின் இல்லமோ பேரீச்ச ஓலையும் மண்ணும் கொண்டு எழுப்பப்பட்ட சிற்றறை. இரவுத் தொழுகையில் ஸஜ்தாவுக்கு இடம் போதாமல், உறங்கும் மனைவியின் கால்களை மெல்லத் தொட, அவர்கள் மடக்கிக்கொள்ள, அவ்விடத்தில் நெற்றி வைத்தார்கள் என்று புகாரியில் வருகின்றது. அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு பெரிய அன்பு! ஆகவே, இடம் போதவில்லை என்பதைக் காரணமாகக் கூறாதீர்கள். உண்ட தட்டை எடுத்து வைக்கவும், படுத்த பாயைச் சுருட்டி வைக்கவும் ஆண் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். ஒருத்தி மட்டும் ஓடாய்த் தேய்ந்து பளபளக்கும் வீட்டில், அவளுக்கு அமைதி ஏது?

விருந்தினரையும் மறந்துவிடச் சொல்லவில்லை. விருந்தோம்பல் மூன்று நாட்கள் என்பது நபிவழி. குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. வருபவருக்கு வேண்டியது மலர்ந்த முகமும், துவைத்த ஒரு விரிப்பும், சூடான தேநீரும்தான். வீட்டார் இன்பமாய் வாழும் இடத்தில் விருந்தினரும் இன்பம் காண்பார்.

இன்று மஃரிப் தொழுததும் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காற்றும் வெளிச்சமும் மிகுந்த இடம் எது? அங்கே இப்போது யார் இருக்கின்றார்கள்? ஒருவரும் இல்லையென்றால், அங்கே இருக்க வேண்டியவர் யாரென்று யோசியுங்கள்.

நம் இல்லங்களை வல்ல இறைவன் அமைதியின் இருப்பிடங்களாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.