சிவகாசிக்குப் போன போர்வை

விருதுநகர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? காமராஜர் பிறந்த ஊர், எண்ணெய்ப் பரோட்டா, மிளகாய் வற்றல்... எனக்கு இப்போதெல்லாம் ஒரு போர்வைதான் ஞாபகம் வருகிறது.

சிவகாசியில் மதினி வீடு. விருதுநகரில் இறங்கி பஸ் மாறினேன். அப்படி ஒரு வெயில்! ஊரை நெருங்க நெருங்க, பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். பட்டாசு அறைகளாம். ஒன்றில் தீப்பிடித்தாலும் அடுத்ததற்குத் தாவக் கூடாதென்றுதான் அந்த இடைவெளி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த இந்த வறண்ட பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் தழைத்தன.

சோறு போடும் மருந்தே சில நாள் உயிரையும் எடுத்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

தீக்காயம் ஆறி வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்காக, மதினி தெருப் பெண்கள் பழைய சேலைகளில் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் பங்குக்கு ஒன்று தைத்து எடுத்துப் போயிருந்தேன். தைத்து முடித்து ஒருமுறை அலசியதில் ஆங்காங்கே சுருங்கியிருந்தது. ‘தர்மத்துக்குத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்தார். கண்ணால் அல்ல, உள்ளங்கையால் தடவி!

“நல்ல மனசோடதான் தச்சிருக்க தாயி. ஆனா ஆறுன தோலு வெங்காயத் தோலு மாதிரி. இந்த மடிப்பு ராத்திரி பூரா உறுத்துமே!”

என் முகம் சுண்டிவிட்டது. “பிரிச்சுத் தச்சிருவோம், வா” என்று அவரே கத்தரிக்கோலை எடுத்தார்.

என் தப்பு என்ன தெரியுமா? மேலும் கீழும் பலமுறை துவைத்த பழைய சேலை. நடுவில் புதுக் காடாத் துணி. அலசியதும் காடா சுருங்கி, சேலைகளையும் சேர்த்து இழுத்துவிட்டது. புதுத்துணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே சேர்க்க வேண்டும். அழகுக்காகப் பாலியெஸ்டர் பூத்துண்டும் வைத்திருந்தேன். “தீப்பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கிடும்” என்று அதையும் எடுத்துவிட்டார். எல்லாமே பருத்திதான்!

அடித்துணியைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் படி, குழவி என்று கனம் வைத்தோம். சுருக்கம் போக நீவினால் போதும். விறைப்பாக இழுக்கக் கூடாது. இழுத்துத் தைத்த துணி, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிச் சுருக்கிக்கொள்ளும். அதன் மேல் உள்துணி, மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினோம்.

அடுத்தது நூலோட்டம். நடுவில் தொடங்கி நாலு பக்கமும், பிறகு சாணுக்கு ஒரு வரிசை. சோம்பல்பட்டு இதை விட்டால் மூன்று துணியும் மூன்று பக்கம் நகரும். ஓட்டத்தையலும் நடுவிலிருந்துதான். ஓரத்திலிருந்து தொடங்கினால் உபரித் துணி நடுவில் போய்க் கொப்புளம் மாதிரி நிற்கும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கட்டைவிரலால் நீவி, நூலைத் தளர்த்திவிட்டே முடிச்சுப் போட வேண்டும். கரைத்துணியை இழுக்காமல் வைத்துத் தைத்து, கடைசியாக நூலோட்டத்தை உருவிவிடுங்கள். வங்காளத்துக் காந்தா போர்வைகளும் இப்படி அடுக்கிய பழஞ்சேலைகளில் பிறந்தவைதானே!

ஒரு வார்த்தை, சகோதரிகளே. இந்தப் போர்வை ஆறிய உடம்புக்குத்தான். புதுத் தீக்காயம் என்றால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். மையும் பேஸ்ட்டும் ஐஸும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நாலாம் நாள் அந்தப் பெண் வீட்டுக்குப் போனோம். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “உறுத்தலக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பும் பஸ்ஸில் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொடுக்கிற பொருளைக் கொடுப்பதற்கு முன்னால் தடவிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அந்தப் பெரியம்மாதான் சொல்லிக் கொடுத்தார்.