கால் அங்குலம்

அட்டனை அடுத்த தோட்டமொன்றில் பழைய துரை பங்களாவை உல்லாசப் பயணிகளின் விடுதியாக்கும் வேலை நடந்தது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் விடுதியாகிவிட்டதால், மலைநாட்டிற்கு இது புதுமையன்று. என்னிடம் தமிழ் பயின்ற ஒருவன் அங்கே டைல் பதிக்கும் மேசன். அவன் கைத்திறனைக் காணச் சென்றேன்.

நடையில் டைல், அறையில் கம்பளம். இரண்டும் கூடும் கதவடியில் அவன் குனிந்திருந்தான்.

"டைல் 10 மில்லிமீட்டர், அடிப்பசை 5. கம்பளம் 6தான். 9 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு, சேர். அப்படியே விட்டால் காலும் தடுக்கும், டைல் விளிம்பும் உடையும்" என்றான்.

அறைப் பக்கத்தில், டைல் ஓரத்தில் 9 மில்லிமீட்டர் கனமாகத் தொடங்கி, மூன்றடி தூரத்தில் தரையோடு தேய்ந்து மறையும்படி சீமெந்துக் கலவையை இழுத்தான். அது காய்ந்தபின் கம்பளம் விரித்தால் இரு தளமும் ஒன்றாகும். இணைப்பின்மேல் பித்தளைப் பட்டி. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் விதிகளும் கால் அங்குலத்துக்கு மேற்பட்ட மேடு செங்குத்தாய் நிற்கலாகாது, சரிக்கப்பட வேண்டும் என்றே கூறுகின்றன. விருந்தினரின் கால்விரலுக்கு எத்துணை அக்கறை!

மாலையில் அவன் லயத்துக்குச் சென்றோம். இஸ்தோப்புக்கும் காம்பராவுக்கும் இடையே ஆறங்குலப் படி; மழைநீரைத் தடுக்க என்றோ கட்டியது. ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த அவன் அப்பாயி சென்ற மாதம் அதில் இடறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள்.

"ஏனடா, இதைச் சரிக்கக்கூடாதா?" என்றேன்.

"ஆறங்குலத்துக்கு ஆறடிச் சரிவு வேண்டும், சேர். இஸ்தோப்பே ஐந்தடிதான். பாதிப் படி ஒன்று கட்டிக் கைப்பிடி வைக்கலாம். தோட்டத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன்."

எனக்கு நா எழவில்லை. 1948இல் பறிபோன குடியுரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நீண்ட போராட்டத்தால் மீண்டது. நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் கை, தன் வாசற்படியைத் தொட மட்டும் பிறர் அனுமதிக்குக் காத்திருப்பதா? நானும் லயத்தில் பிறந்தவன்தான். அந்தப் படியை ஆயிரம் முறை தாண்டியும், ஒருநாளேனும் அளந்து பார்த்தேனா?

அடுத்த ஞாயிறு பாதிப் படியைக் கட்டினோம். அவன் கலவை குழைத்தான். நான் கல் சுமந்தேன். அனுமதி இன்னும் வரவில்லை. கைப்பிடியைப் பற்றி அப்பாயி எழுந்து நிற்கும் நாளை எதிர்நோக்கியிருக்கிறோம்.