தாண்டக் கூடாத மூங்கில்

லீவுக்கு பெர்ன்ஹில் வந்து மூணு நாளாச்சு. காலையில வாசல்ல மூங்கில் வாளை ஓங்கி வீசிக்கிட்டிருந்தா, "இந்தக் குளிர்ல யாரைடா வெட்டப் போற?"ன்னு அம்மா.

இது கெண்டோங்க. ஜப்பானிய வாள் பயிற்சி. ஒசாகாவுக்கு ஆணி பிடுங்கப் போன இடத்துல ஒட்டிக்கிட்டது.

வாள் பேரு ஷினாய். நாலு மூங்கில் பட்டையைச் சேர்த்துத் தோலால கட்டினது. கவசத்துல தலைக்கு மென், கைக்கு கொத்தே, மார்புக்கும் வயித்துக்கும் தோ, இடுப்புக்கு தாரே. புதுசா சேர்ந்தவனுக்கு இதெல்லாம் உடனே கிடையாது. வலது கால் முன்னாடி, இடது குதிகால் லேசா தூக்கி, வெறும் காலடியும் வீச்சும்தான். எங்க அடிக்கிறோமோ அந்தப் பேரைக் கத்திக்கிட்டே அடிக்கணும். மனசு, வாள், உடம்பு மூணும் சேராம சும்மா பட்டா பாயிண்ட் இல்லை.

முதல் நாளே சொதப்பினேன். தரையில கிடந்த ஷினாயைத் தாண்டிட்டேன். ஆசிரியர் திட்டலை. பேசாம எடுத்து ஓரமா வச்சார். புத்தகம் கால்ல பட்டா கண்ணுல ஒத்திக்கிற ஊர்க்காரனுக்கு அதுக்கு மேல விளக்கம் வேணுமா?

போட்டியில அடிச்சுட்டுக் கையைத் தூக்கிக் குதிச்சா, கிடைச்ச பாயிண்டும் போயிடும். ஜெயிச்சாலும் தோத்தாலும் கடைசியில எதிராளிக்குக் குனிஞ்சு வணக்கம். தோத்ததைச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தானே.

நானோ, என் கோடுல தப்பு கண்டுபிடிச்ச நண்பன்கிட்ட ரெண்டு மாசமா முகம் கொடுத்துப் பேசாதவன்.

நேத்து ராத்திரி போன் பண்ணி நன்றி சொன்னேன்.

"யாருங்க பேசறது?"ன்னு கேட்டான் :-)