சிவப்புக் கடல், நீலக் கடல்: இவாஞ்சலியனின் வடிவங்கள்

புதுமைப்பித்தன் அகலிகையின் கதையை இரண்டு முறை எழுதினார். 1934-இல் எழுதிய 'அகல்யை'யில் கோதமன் மனைவியைப் புரிந்துகொள்கிறான். கதை ஏறக்குறைய ஆறுதலில் முடிகிறது. 1943-இல் எழுதிய 'சாப விமோசன'த்திலோ, சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிப் போகிறாள். வால்மீகியைக் கம்பன் எங்கெங்கு மாற்றினான் என்று பேச நம்மிடம் ஆயிரம் பேர் உண்டு. ஒரே எழுத்தாளன் தன் கதையைத் தானே எதிர்த்து மறுபடி எழுதுவதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. இந்த ஒன்பது ஆண்டு இடைவெளியில் மன்னிப்பு சாத்தியம் என்ற நம்பிக்கை போய்விட்டது என்று மட்டும் தெரிகிறது.

இதன் நேர் எதிர்த்திசையில் பயணப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஜப்பானிய இயக்குநர் ஹிதெயாகி அன்னோ. படைப்பு, 'நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்'. அக்டோபர் 1995 முதல் மார்ச் 1996 வரை டிவி டோக்கியோவில் 26 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொடர். இறுதி இரண்டு அத்தியாயங்கள் பலருக்கு ஏமாற்றமளிக்க, 1997-இல் 'இவாஞ்சலியனின் முடிவு' என்ற திரைப்படத்தில் அதே முடிவு வேறு விதமாகச் சொல்லப்பட்டது. பத்தாண்டு கழித்து 2007-இல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி 2009, 2012, 2021 என நான்கு திரைப்படங்கள். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாத நண்பர்கள் இவ்விடத்திலேயே விடைபெற்றுக்கொள்வது நல்லது.

நாங்கள் மூவர். திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் வளர்ந்தவர்கள். 2004 வாக்கில் பர்மா பஜாரில் வாங்கிய குறுந்தகடுகளில், ஆங்கில வசனம் பாதி புரிந்தும் புரியாமலும், தொடரை முதலில் பார்த்தோம். பதினான்கு வயதுச் சிறுவன் ஷிஞ்ஜியை, பல ஆண்டுகள் கைவிட்டிருந்த தந்தை கெண்டோ திடீரென்று அழைத்து ஒரு ராட்சத இயந்திரத்தில் ஏறச் சொல்கிறார். அது இயந்திரம் மட்டுமன்று என்பது பிறகு தெரியவரும். 'தேவதூதர்கள்' என்று பெயரிடப்பட்ட விநோத உயிர்கள் நகரைத் தாக்குகின்றன. சிறுவன் போரிட வேண்டும். இவ்வளவுதான் கதை, இதற்குள் எல்லாமும் இருக்கிறது.

தொடரின் உலகில் 2000-ஆம் ஆண்டில் ஒரு பேரழிவு; தென்துருவம் உருகிக் கடல் பெருகி, ஜப்பானில் நிரந்தரக் கோடை. ஆண்டு முழுதும் சிள்வண்டு கத்திக்கொண்டே இருக்கும். ஜப்பானியர்க்கு இது திகிலூட்டும் கற்பனையாக இருந்திருக்கும். எங்களுக்கு நிரந்தரக் கோடையில் என்ன புதுமை? கடல் ஊரைத் தின்பதிலும் புதுமை இல்லை. திருவொற்றியூர்க் கரையில் தெருக்கள் கடலுக்குள் போனதைப் பெரியவர்கள் கைநீட்டிக் காட்டிச் சொல்வார்கள், அந்த இடத்தில் இன்று கருங்கல் கொட்டியிருக்கும். கதை நடப்பதாகச் சொல்லப்படும் 2015 உண்மையில் வந்தபோது சென்னைக்குத் தேவதூதர்கள் வரவில்லை, டிசம்பர் வெள்ளம் வந்தது.

வடிவங்களை ஒப்பிட ஆறாம் அத்தியாயத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. எண்முக வடிவில் மிதந்துவரும் ஒரு தேவதூதனைத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். அதற்கான துப்பாக்கிக்குப் பதினெட்டுக் கோடி கிலோவாட் மின்சாரம் தேவை. ஜப்பான் முழுவதின் மின்சாரமும் திருப்பிவிடப்பட்டு நாடே இருளில் மூழ்குகிறது. 'யாஷிமா நடவடிக்கை' என்று பெயர். எங்கள் ஊர்க் கணக்கில் சொல்வதானால், 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் நிறுவுதிறன் 450 மெகாவாட். அப்படிப்பட்ட நானூறு எண்ணூர்கள் ஒரு தோட்டாவுக்கு வேண்டும்! இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவில்தான் தொடர் எங்களுடையதாயிற்று எனலாம். தொலைக்காட்சி வடிவில் இது சிக்கனமான காட்சி; அசையாத ஓவியங்கள், வரிசையாக அணையும் ஊர்கள், பிறகு மௌனம். 2007 திரைப்படத்தில் மின்மாற்றிகள், கம்பிவடங்கள், குளிர்விப்பான்கள் எல்லாம் தனித்தனியே உயிர்பெற்று இரைகின்றன, தேவதூதனே கணந்தோறும் வடிவம் மாறுகிறான். எவ்வளவு அழகு! ஆயினும் பழையதில் இருந்த அந்த வறுமையான இருட்டு எங்களுக்கு நெருக்கமானது. 2011 மார்ச் நிலநடுக்கத்திற்குப் பின் மின்பற்றாக்குறை வந்தபோது, ஜப்பானிய இளைஞர்கள் இணையத்தில் தொடங்கிய மின்சேமிப்பு இயக்கத்திற்கு இதே பெயரைத்தான் வைத்தார்கள் என்பது சுவையான செய்தி.

புதிய திரைப்படங்கள் கைவிட்டவற்றுள் எங்களால் மன்னிக்க முடியாதது பதினோராம் அத்தியாயம். நகரம் முழுதும் மின்சாரம் போய்விடுகிறது, தாக்குதலும் வருகிறது. இயந்திரங்களை மனிதர்களே கையால் இழுத்துத் தயார்செய்ய வேண்டும். எப்போதும் கையுறையோடு, மேசைக்குப் பின்னால் விரல் கோத்து உட்கார்ந்திருக்கும் கெண்டோ, ஊழியர்களோடு ஊழியராக வியர்வை வழியக் கயிறு பிடித்து இழுக்கிறார். 2012-இல் சென்னையிலேயே தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில் இந்த அத்தியாயத்தை மடிக்கணினியின் மின்கலம் தீரும்வரை பார்த்தோம். அந்தத் தந்தை உடலால் உழைப்பதைத் தொடரில் நாம் பார்க்கும் இடம் அநேகமாக அது ஒன்றுதான். அதைப் பார்த்திராதவர்க்குக் கெண்டோ வெறும் வில்லன்.

இங்கே மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அதுவும் ஒரு வடிவமே. 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டபோது, கவோரு என்ற சிறுவன் ஷிஞ்ஜியிடம் சொல்லும் ஒற்றைச் சொல்லால் பெரும் சர்ச்சை எழுந்தது. 'சுகி' என்பது ஜப்பானியச் சொல். பழைய ஆங்கில வடிவம் அதைக் காதல் என்றது, புதியது வெறும் விருப்பம் என்றது. இரு தரப்பும் இணையத்தில் கட்டிப் புரண்டார்கள். எங்களுக்கு வியப்பாக இருந்தது. தமிழில் 'பிடிக்கும்' என்று போட்டால் தீர்ந்தது. மாம்பழம் பிடிக்கும், உன்னைப் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல், இரண்டும் ஒரே பொருளல்ல என்பது சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் தெரியும். இவாஞ்சலியனைத் தமிழாக்கம் செய்ய யாராவது முன்வந்தால் இந்த ஓரிடத்திலேனும் ஆங்கிலத்தை வெல்லலாம்.

இனிக் கடலுக்கு வருவோம். பழைய தொடரில் கடல் நீலம். 1997 திரைப்படத்தின் இறுதியில்தான் அது சிவக்கிறது. மனிதர் எல்லாம் கரைந்துபோன சிவப்புக் கடலின் கரையில் ஷிஞ்ஜியும் அசுகாவும் மட்டும் கிடக்கிறார்கள். அனிமே வரலாற்றில் இவ்வளவு ஆறுதலற்ற கடற்கரை வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. புதிய திரைப்படங்களிலோ கடல் முதல் காட்சியிலிருந்தே சிவப்பு. 2009-இல் வந்த இரண்டாம் படத்தில், மீன் வாழும் பழைய கடலை மீட்டெடுக்க முயலும் ஓர் ஆய்வுக்கூடத்திற்குச் சிறுவர்களைக் காஜி அழைத்துப் போகிறான். உள்ளே நுழையுமுன் அவர்களை வெந்நீரிலும் தண்ணீரிலும் முக்கி எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். நகைச்சுவைக் காட்சிதான். உயிருள்ள மீன்களைக் கண்ணாடிக்குப் பின்னால் முதன்முதலாகப் பார்க்கும் அந்தப் பிள்ளைகளின் வியப்பைக் கண்டு எங்களால் சிரிக்க இயலவில்லை. கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துபோன கதையைக் காட்டுக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளிகளில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுதும் பரவி, படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. எங்கள் கடலுக்கு நிறம் மாற வேற்றுலக உயிர் எதுவும் தேவைப்படவில்லை.

2012-இல் வந்த மூன்றாம் படம் திடீரெனப் பதினான்கு ஆண்டு தாவுகிறது. குழப்பமான படம், விரிவாகப் பேச விருப்பமில்லை. அதை முடித்தபின் தாம் மனச்சோர்வில் வீழ்ந்ததை அன்னோவே பின்னர் வெளிப்படையாக எழுதினார். இடையில் 2016-இல் 'ஷின் காட்ஸில்லா'வை எடுத்து மீண்டார். நான்காம் படம் 2021 மார்ச்சில் ஜப்பானிலும் ஆகஸ்டில் அமேசான் பிரைம் வழியே நமக்கும் வந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதன் முதற்பகுதி, பிழைத்தவர்கள் கூடி வாழும் ஒரு சிற்றூர். வகுப்புத் தோழர்கள் வளர்ந்து, மணந்து, பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ரெய் சேற்றில் இறங்கி மூதாட்டிகளோடு நாற்று நடுகிறாள். சண்டைக்காக வந்த ரசிகர்கள் இங்கே பொறுமை இழந்ததாகக் கேள்வி. நான்கு படங்களிலும் சிறந்த பகுதி இதுதான் என்பது எங்கள் துணிபு. பேச்சற்றுக் கிடக்கும் ஷிஞ்ஜியை அங்கே யாரும் திருத்த முயல்வதில்லை. சோறு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பிறகு தந்தையும் மகனும் எதிரெதிரே வருகிறார்கள். ஓடும் ரயில் பெட்டியில் கெண்டோ வாய் திறந்து பேசுகிறார்: தன் தனிமை, மனைவியின் இழப்பு, மகனிடம் கொண்ட அச்சம். இருபத்தைந்து ஆண்டுகள் பேசாத மனிதர். எங்களுள் ஒருவர் அவ்விடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய தந்தை அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் சுழற்சிப் பணியில் இருந்தவர். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் மனிதரை எழுப்பக்கூடாது என்பதே அந்த வீட்டின் முதல் சட்டம். 2019-இல் அவர் காலமாகும்வரை இருவரும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். திரும்பி வந்த நண்பர் சொன்னது இது: "பழைய கெண்டோதான் நிஜம். கடைசிவரைக்கும் ஒன்றும் சொல்லாமல் போவார்கள். இவர் பேசுவது, மகன் தானே எழுதிக்கொண்ட வசனம்." மற்ற இருவரும் மறுத்தோம். அறுபது வயதில் அன்னோவுக்கு அப்படியொரு வசனத்தை எழுதிக்கொள்ளும் உரிமை இல்லையா? புதுமைப்பித்தனுக்கு அந்த வயது கிடைத்திருந்தால் மூன்றாவது அகலிகை ஒருத்தி வந்திருக்க மாட்டாளா? நண்பர் இன்றுவரை ஒப்பவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். பிறகு, இருக்கட்டும் என்றார்.

கடைசிக் காட்சிக்கு முன் ஷிஞ்ஜி மீண்டும் ஒரு கரையில் அமர்ந்திருக்கிறான். கடல் நீலமாக இருக்கிறது. வளர்ந்த ஷிஞ்ஜி ஒரு ரயில் நிலையத்திலிருந்து மரியின் கைபற்றி வெளியே ஓட, வரைபடம் ஒளிப்படமாகி, உண்மையான ஓர் ஊர் வானிலிருந்து தெரிகிறது. ஆலைகள், புகைபோக்கிகள், அப்பால் கடல். அது யமகுச்சி மாகாணத்தின் ஊபே. 1960-இல் அன்னோ பிறந்த ஊர். நிலக்கரியும் சிமெண்டும் இரசாயனமும் வளர்த்த ஊர். 1950-களில் கரித்தூசு மிக மோசமாகப் படிந்த நகரங்களுள் ஒன்றாக இருந்தது. நகராட்சி, ஆலைகள், பல்கலைக்கழகம், குடிமக்கள் ஆகிய நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அளவுகளை மறைக்காமல் வெளியிட்டுத் தூசைக் குறைத்தார்கள். 'ஊபே முறை' என்றே அதற்குப் பெயர். 1997-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருது அந்நகருக்குக் கிடைத்தது. அன்னோ தன் கடலைச் சிவப்பாக்கிய அதே ஆண்டு! இதைப் படித்தறிந்தபின் அந்தக் கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். புகைபோக்கிகள் அங்கேதான் நிற்கின்றன. அவற்றை அழித்துவிட்டுப் புல்வெளி வரையவில்லை அவர்.

எங்களுள் ஒருவரின் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எந்த வடிவத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டான். திரைப்படங்களே போதும் என்றார் ஒருவர், படம் துல்லியம், நீளமும் குறைவு. மற்ற இருவரும் சேர்ந்து தோற்கடித்தோம்: 26 அத்தியாயங்கள், பின்னர் 1997 படம், சில மாதம் இடைவெளி, அதன்பின் நான்கு படங்கள். அவன் இப்போது பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறான்.