மெஸ் சாப்பாடும் வீட்டு ரசமும்

மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் தெரு மெஸ்ஸுக்குள் வருகிறவர்களின் கையைப் பார்த்தால் பாதிப் பேரின் தொழில் தெரிந்துவிடும். நக இடுக்கில் வெள்ளை படிந்திருந்தால் பீங்கான் பட்டறை. ஃப்யூஸ் கேரியரோ கொலு பொம்மையோ செய்துகொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருப்பார். செம்மண் என்றால் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை கொண்டுவந்த விவசாயி. நெற்றி நிறையத் திருநீறு பூசிய குடும்பம், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் தங்கள் குறையைப் பிராதாக எழுதிக் கட்டிவிட்டு வெளியூர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். விருத்தாசலம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் இந்த நான்கு பெஞ்சுகளைத்தான் காட்டுவேன்.

இலை போட்டதும் பொரியல், கூட்டு, ஊறுகாய். சாம்பாருக்கு நான் அவசரப்படுவதில்லை. என் வயிறு காத்திருப்பது வத்தக்குழம்புக்கு. சுண்டைக்காயைக் கருக விடாமல் நல்லெண்ணெயில் வறுத்து, புளி நன்றாகக் கொதித்து, எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்கிய குழம்பு அது. சூடான சோற்றைக் குழித்து அதில் ஊற்றச் சொல்லிப் பிசைந்தால், வெயிலில் நடந்து வந்த அலுப்பு இரண்டாவது கவளத்தில் போய்விடும். "இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்கண்ணே" என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். நான் யார் என்று பக்கத்தில் இருப்பவரும் கேட்பதில்லை, அவர் யார் என்று நானும் கேட்பதில்லை.

இது சாதாரணமாகக் கிடைத்துவிடவில்லை. பக்கத்து ஆளின் சாதி தெரியாமல் ஒரே பெஞ்சில் சாப்பிடுவது நம் தாத்தா காலத்தில் பல ஊர்களில் நடக்காத காரியம். சாப்பாட்டுக் கடை வாசலில் 'பிராமணாள்' என்று பலகை தொங்கியது. அதை எடுக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அதற்கு 90 ஆண்டுகள் முன்பே, கடலூர் போகும் ரயிலில் நம் பக்கத்திலேயே வருகிற வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையைத் திறந்து, பசி ஒன்றையே தகுதியாக வைத்துச் சோறு போட்டார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. மெஸ்ஸில் தோளோடு தோள் இடித்து உட்காரும்போதெல்லாம் அந்த அடுப்பு எனக்கு நினைவுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடு. அன்று பெரிய சமையல் கூடாது என்பது என் கட்சி. ரசம், மல்லாட்டைத் துவையல், சுட்ட அப்பளம், தயிர் போதும். துவையல் என் வேலை. கடலையைச் சிவக்க வறுத்து, தோலைப் புடைத்து, மிளகாயும் துளி புளியும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நைஸாக அரைத்தால் சட்னி ஆகிவிடும். இந்த மண்ணுக்கு மல்லாட்டை எவ்வளவு நெருக்கம் என்றால், இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு வி.ஆர்.ஐ. என்று ஊர்ப்பெயரின் எழுத்துகளையே வைத்திருக்கிறார்கள். முந்திரியிலும் அப்படியே.

ஊறுகாய் மட்டும் உள்ளூர்ப் பீங்கான் ஜாடியில்தான். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும்; பளபளப்புப் பூச்சு கொடுத்துச் சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் சுட்ட ஜாடியை அவை ஒன்றும் செய்வதில்லை. பிளாஸ்டிக் டப்பா வந்த பிறகு பல வீடுகளில் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. அதைக் கீழே இறக்குங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

ஒரு நாள் மெஸ்ஸில் பரிமாறும் அண்ணனிடம், "நீங்க எப்பண்ணே சாப்புடுவீங்க?" என்று கேட்டேன். "மூணரை ஆயிடும். கொழம்பு தீந்துட்டா மோரும் ஊறுகாயுந்தான்" என்றார், சோற்று வாளியைக் கீழே வைக்காமலே. அந்த வத்தக்குழம்பை அத்தனை பேருக்கும் ஊற்றியவருக்கு அது மிஞ்சவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் அம்மாவும் அப்படித்தான். எல்லாரும் கை கழுவிய பிறகு, அடியில் தங்கிய ரசத்தோடு, அடுப்படியில் தனியாக. யாரோடும் உட்காரலாம் என்று பெஞ்சில் வந்துவிட்ட நியாயம், சமைத்தவருக்கும் பரிமாறியவருக்கும் இன்னும் வரவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

இப்போது மெஸ் முதலாளியிடம் பேசியிருக்கிறோம். முதல் பந்திக்கு முன்பே வேலையாட்களுக்குக் குழம்பு எடுத்துவைத்துவிடுகிறார். வீட்டில் பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு எல்லாருமாக உட்கார்ந்துவிடுகிறோம், வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்குத்தான் கால் நிலைகொள்வதில்லை. பாதிச் சாப்பாட்டில் அப்பளம் சுட எழுந்துவிடுகிறாள். அதனால் அப்பளத்தை முன்னாலேயே சுட்டு, தூக்குவாளியில் போட்டு, அவள் கைக்கு எட்டும் பக்கமாக வைத்துவிடுகிறேன்.